முன்கண்ணாடிக்கு சிலிக்கான் ஆகாது

ஆசிரியருக்கு,

புளியரை வழியாக ஆரியங்காவு போகும் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் ஓடும் கார்களில் முன்கண்ணாடி விரிசல் சகஜம். மாற்றும்போது சிலர் புதுக்கண்ணாடியை சிலிக்கான் பசை பூசி ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்துக் கண்ணாடியில் மோதினால் அது தாங்காது. பாலியூரித்தேன் பசையே வேண்டும். பழைய பசையை மொத்தமாகச் சுரண்டாமல் 1 முதல் 2 மி.மீ. விட்டு வெட்டினால்தான் புதுப்பசை நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி ஒட்டும் தகரத்தில் கீறல் பட்டால் பிரைமர் (பசைக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மலையோர மழையில் துரு ஏறி, பசையையே கிளப்பிவிடும்.

வண்டியை எடுக்க எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது பசைக்குப் பசை மாறும். டியூபைப் பார்த்துக் கேளுங்கள். அன்று கதவை அறைந்து சாத்தினால் உள்காற்று கண்ணாடியைத் தள்ளும். ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைக்கலாம்.

பழைய கண்ணாடியிலிருந்து உரித்த பாஸ்டேக் (சுங்கக் கட்டண ஒட்டி) பிறகு வேலை செய்யாது; டோலுக்கு முன்பே வங்கியில் மாற்று வாங்கிவிடுங்கள்.

– கார் கண்ணாடித் தொழிலாளர்கள், செங்கோட்டை