கடைசி எழுத்து மட்டும் மாறிய பம்ப்: கார் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யார், என் வண்டி எது, அது எங்கெங்கே நின்றது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று ஜாப் கார்டுகள், ஐந்து மின்னஞ்சல்கள், உங்கள் அழைப்பு மையம் கொடுத்த நான்கு புகார் எண்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. கேட்க வந்ததை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும் அந்தப் பழைய பியூயல் பம்ப்பைப் பொருத்தி நீங்கள் விற்ற வண்டிகள் அத்தனைக்கும், அவை நடுவழியில் நிற்பதற்கு முன்பே, புது பம்ப்பை இலவசமாக மாற்றிக் கொடுங்கள். அதை ஒவ்வொரு உரிமையாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

முதல் முறை வண்டி சிக்னலில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். ஒருநாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். ஜாப் கார்டில் ஒரே வரி: ‘சோதனை ஓட்டத்தில் குறை தென்படவில்லை.’ இரண்டாம் முறை ஒரு மேட்டில் ஏறும்போது இழுவை போய், முக்கி முனகி, பாதியில் அடங்கியது. மறுபடியும் சர்வீஸ் சென்டர், மறுபடியும் அதே வரி. எழுத்துப் பிழைகூட அதே இடத்தில் இருந்ததைப் பார்த்தால், முந்தைய கார்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் முறை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பில் அது ‘வாகனம் இயக்கத்தில் நின்றதாக வாடிக்கையாளர் கூறுகிறார்’ என்று மட்டும்தான் இருக்கும்.

விரைவுச் சாலை, மாலை நேரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடியிருந்த வண்டி. அம்மா பின்சீட்டில் பாதித் தூக்கத்தில் இருந்தார். ஒரு சரக்கு லாரியைத் தாண்டுவதற்காக முந்தும் தடத்துக்கு ஏறி, தாண்டியும் முடித்தேன். வேகம் 90 கிலோமீட்டர். நொடிக்கு 25 மீட்டர் என்று அதற்கு முன் நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. வண்டி இரண்டு முறை வெட்டி இழுத்தது. அப்புறம் சத்தம் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன், கால் தரைவரை போகிறது, வண்டி போகவில்லை. டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

பத்து நொடிக்கு முன் நான் தாண்டிய அதே லாரி இப்போது பக்கத்துத் தடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு வருகிறது. என் தடத்தில் பின்னால் ஒரு வண்டி விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறது. நான் வேண்டுமென்றே வழிமறிக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். ஓரத்துக்குப் போக இரண்டு தடங்களைக் கடக்க வேண்டும். என்னிடம் இருப்பதோ ஓடிவந்த வேகத்தின் மிச்சம் மட்டும். அதை வைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போக முடியாது. அது தாண்டிப் போகும்வரை காத்திருந்தால் அந்த மிச்சமும் தீர்ந்துவிடும். காத்திருந்தேன். லாரி போனது. அதன் வாலை ஒட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். பேட்டரி உயிரோடு இருந்ததால் ஸ்டீயரிங் திரும்பியது, அதற்கு உங்கள் வடிவமைப்பாளருக்கு நன்றி. பிரேக் முதல் மிதியில் பிடித்தது, இரண்டாவதில் பாதி பிடித்தது, மூன்றாவதில் கல்லை மிதித்ததுபோல் இருந்தது. எஞ்சின் நின்றால், காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் வராது, மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும் என்பது உங்களுக்குப் பாடம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வண்டி ஓரக் கோட்டின் மேல் நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே. அம்மா கண் விழித்து, “என்னப்பா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

இருபது நிமிடம் கழித்து ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது, எதுவுமே நடக்காததுபோல.

அன்றிலிருந்து அம்மா என் வண்டியில் முன்பக்கம் பார்த்து உட்காருவதில்லை. உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வருகிறார். லாரி தெரிந்தால் சொல்கிறார். பம்ப்பை மாற்றி மூன்று மாதம் ஆகிறது. இன்னமும் சொல்கிறார்.

சரி, பம்ப்புக்கு வருகிறேன். டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கியபடி சுற்றுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம்தான் அதன் உயிர், இம்பெல்லர் என்கிறீர்கள். அந்த பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைவாக இருந்துவிட்டால் அது எரிபொருளைக் குடித்து உப்பும், வடிவம் மாறும், சுற்றியிருக்கும் கூட்டில் உரசும். உரசினால் சூடு, சூட்டில் இன்னும் இறுக்கம், கடைசியில் சக்கரம் நின்றுவிடும். எரிபொருள் வராத எஞ்சின் வேறு என்ன செய்யும்? ஆறினால் கொஞ்சம் இளகி மறுபடி சுற்றும். சூடானால்தான் அடங்கும் பம்ப்பை, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் குறை எப்படித் தென்படும்? அழுத்த மானியை மாட்டி, வண்டி நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் முறையே பிடிபட்டிருக்கும். ஸ்கேனரில் ஒன்றும் பதிவாகவில்லை என்று இரண்டு முறை சொன்னார்கள். ஸ்கேனர் பாவம், சென்சார் சொன்னதைத்தான் அது சொல்லும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இரண்டாம் முறை வண்டியை எடுக்கப் போனபோது உங்கள் சர்வீஸ் அட்வைசர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்காதீங்க சார்” என்றார். குறையே தென்படாத வண்டிக்கு இந்த வைத்தியம் எதற்கு? பம்ப்பைச் சுற்றி நிற்கும் எரிபொருள்தான் அதைக் குளிர்விக்கிறது, டேங்க் காலியாகக் காலியாகச் சூடு கூடும் என்பது தெரிந்தவர் சொல்லும் வார்த்தை அது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுத்தில் சொல்ல அனுமதி இல்லாததை வாயால் சொன்ன நல்ல மனிதர். யாரென்று விசாரிக்காதீர்கள், தயவுசெய்து.

மூன்றாம் முறைக்குப் பிறகு பம்ப்பை மாற்றினார்கள். வாரன்டி முடிந்துவிட்டது என்று என்னிடம்தான் பணம் வாங்கினார்கள். முதல் முறை நின்றபோது வாரன்டி இருந்தது, அதைப் பற்றி வேறொரு கடிதம் எழுதுவேன். கழற்றிய பம்ப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். புதியதன் பெட்டியையும் கொண்டுவந்தேன். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாக எண்ணில் எல்லாம் ஒன்று, கடைசி எழுத்து மட்டும் வேறு. மெக்கானிக்கிடம் கேட்டேன். “இது மாத்தி வந்தது சார், பழசு இப்போ வர்றதில்லை” என்றார்.

ஐயா, இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. ஒரு பாகத்தில் குறை இருந்தது, கண்டுபிடித்தீர்கள், திருத்தினீர்கள், எண்ணை மாற்றினீர்கள், பழையதை நிறுத்தினீர்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறீர்கள். பழைய பம்ப்போடு இந்த நிமிடம் சாலையில் ஓடிக்கொண்டிருப்பவர்களிடம் சொல்வதைத் தவிர.

இதற்கு முன்னோடி இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சிறிய கார்களில், சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் தளர்ந்து, ஓடும்போதே சாவி ‘ஆன்’ நிலையிலிருந்து தானாக நழுவியது. எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் காற்றுப்பை விரியாது. 2006ல் அந்த சுவிட்ச்சை ஓசையில்லாமல் திருத்தினார்கள், பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகாலை அறிவித்தது 2014ல். இடைப்பட்ட காலத்துக்கு என்ன விலை என்றால், அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்ட உயிர்கள் 124. 2015ல் அரசு வழக்கை முடிக்க 90 கோடி டாலர் கட்டினார்கள். நீங்கள் எண்ணையாவது மாற்றியிருக்கிறீர்கள், அந்த அளவில் அவர்களைவிட மேல்தான். பாராட்டுகிறேன்.

ரீகால் செய்தால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். இதே போன்ற பம்ப் கோளாறுக்காக டொயோட்டா 2020ல் உலகம் முழுக்க ஏறக்குறைய 58 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2023 டிசம்பரில் சுமார் 45 லட்சம். அந்தக் கார்களை வாங்குவதை யாராவது நிறுத்திவிட்டார்களா என்ன? கடிதம் வந்தது, போனார்கள், மாற்றிக்கொண்டார்கள், வந்தார்கள். எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் சலித்துக்கொண்டே ஒரு அரை நாள் விடுப்பு எடுத்திருப்பேன். அம்மா முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

உங்களிடமிருந்து எனக்குக் கடிதமே வருவதில்லை என்றும் சொல்ல முடியாது. நிறைய வருகிறது. பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. புது மாடலின் திரை எத்தனை அங்குலம் என்று வருகிறது. உள்விளக்கின் நிறத்தை அறுபத்து நான்கு விதமாக மாற்றலாமாம். விரைவுச் சாலையில் எஞ்சின் நின்ற மறுநாள் காலை அழைப்பு மையத்திலிருந்து ஒரு பெண், முந்தைய சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார். பத்து போடுங்கள் சார், குறைந்தால் எங்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்றும் சொன்னார். பத்து போட்டேன். உங்கள் அறிக்கையில் நான் முழுத் திருப்தி அடைந்த வாடிக்கையாளர். இதற்கிடையில் ‘எரிபொருளில் கலப்படம் இருக்கலாம்’ என்று ஒரு மின்னஞ்சல், ‘ஓட்டும் முறையும் காரணமாகலாம்’ என்று இன்னொன்று. எஞ்சின் நிற்கும்படி ஓட்டும் முறை எது என்று பதில் எழுதிக் கேட்டேன். அதற்கு ஒரு புகார் எண் கொடுத்தார்கள்.

உங்கள் பொறியாளர்களில் யாருக்காவது இது உறுத்தாமலா இருக்கும்? ஹூண்டாய், கியா கார்களின் எஞ்சின் குறை விவகாரத்தில் உள்ளிருந்து தகவல் கொடுத்த முன்னாள் பொறியாளர் ஒருவருக்கு, 2021ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. அவ்வளவு பெரிய தொகைக்கெல்லாம் நீங்கள் இடம் வைக்க வேண்டாமே. ஒரு பம்ப் அதைவிட மலிவு.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. மன்னிக்கவும். பணிவாகவே மீண்டும் கேட்கிறேன். பழைய எண் பம்ப் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தயாரித்த வண்டிகளில் இருக்கிறது என்பதை, சேஸிஸ் எண்ணோடு வெளியிடுங்கள். வாரன்டி இருக்கிறதா, முடிந்ததா என்று பார்க்காமல் மாற்றிக் கொடுங்கள். ஏற்கெனவே சொந்தப் பணத்தில் மாற்றியவர்களுக்குப் பணத்தைத் திருப்புங்கள். அதை நான் கடைசியில்தான் கேட்கிறேன், என் பணம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. முதலில் கடிதம் போகட்டும். குறிப்பாக, பழைய வண்டியாகக் கைமாறி வாங்கியவர்களைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள் என்று அவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

கழற்றிய பம்ப் என் அலமாரியில், ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆய்வகத்துக்கு வேண்டும் என்றால் அனுப்பிவைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் ஒரு ரசீது கொடுங்கள். அதில் பாக எண்ணை முழுதாக, கடைசி எழுத்தையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்