உன்ர ரெண்டேக்கர்

தம்பலகாமம்

மச்சான் சிவா,

கனகாலம் எழுதேல்லை எண்டு திட்டாதை. வீட்டில எல்லாரும் சுகம். அக்காவின்ர கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சுது. பேரின்பம் இன்னும் அதே சைக்கிள்தான், கேக்காதை.

விசயத்துக்கு வாறன். போன பெரும்போகம் உன்ர வயலில எரிபந்தம், நெல்லுக்கு வாற பங்கசு நோய், எண்டு சொல்ல, ‘ஓகோ’ எண்டுபோட்டு போனை வைச்சிட்டாய். வெள்ளவத்தையில இருக்கிற உனக்கு ‘ஓகோ’. இலையில கண் மாதிரிப் புள்ளி, நடு சாம்பல், ஓரம் கபிலம். தைப் பனியோட கதிரின்ர கழுத்துக்கு ஏறி அடி கறுத்திட்டுது. கதிர் வெளிறி நிமிந்து நிக்க, நசிச்சுப் பாத்தால் பதர்.

இந்தமுறை மருமகன் ஒரு தூள் கொண்டுவந்திருக்கிறான். சூடோமோனாஸ் புளோரசென்ஸ் எண்ட பற்றீரியா. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுற அளவு, கிலோ விதைக்கு 10 கிராம். வேரைச் சுத்திக் குடியேறி, மண்ணில இருக்கிற இரும்பைப் பங்கசுக்குக் கிடைக்காமல் தானே பிடிச்சு வைச்சிருமாம். அந்தப் பிடிக்கிற சாயம்தான் புறஊதா வெளிச்சத்தில மினுங்கிறது! இன்னும் கேள்: வேரில இருந்துகொண்டே பயிரை உசார்ப்படுத்தி, இலைக்கு வாற நோயையும் எதிர்க்கப் பண்ணும். எனக்கு நித்திரையே வரேல்லை மச்சான்.

ஊரில சொல்லேலாது. 2021 இல திடீரெண்டு ரசாயன உரத்தை நிப்பாட்டினாங்கள் எல்லோ, அதுக்குப் பிறகு ‘இயற்கை’ எண்டு வாய் திறந்தால் கனகு அண்ணை எழும்பிப் போயிடுவார். அவரில பிழையில்லை, மஞ்சளா நிண்ட வயலை நானும் பாத்தனான். இது அதில்லை, யூரியா போடலாம், அள்ளிக் கொட்டினால்தான் எரிபந்தத்துக்கு விருந்து எண்டு சொல்லிச் சொல்லி வாய் நோகுது.

என்ர பயம் வேற. இது வரமுன் தடுக்கிற சாமான், முத்தின நோய்க்கு மருந்தில்லை. செம்பு மருந்தோட கலந்தால் பற்றீரியாவும் செத்துப்போம். கதிர் கருகினாப் பிறகு அடிச்சுப்போட்டு ‘ஏமாத்து’ எண்டால், அதோட இந்தச் சாமானுக்கு ஊரில கதவு சாத்தினதுதான்.

அதாலதான் உன்னட்டைக் கேக்கிறன். உன்ர ஒரு ஏக்கருக்குப் போடுவம், மற்றதைச் சும்மா விடுவம். ரெண்டும் ஒரே வாய்க்கால், ஒரே விதை. கனகு அண்ணை வரம்பில நிண்டு தானே பாக்கட்டும். சும்மா விட்டதில நட்டம் வந்தால் அது உன்ர கணக்கு, முதலே சொல்லிப்போட்டன். மனுசியிட்டைக் கேட்டு உடனே கோல் எடு. விதைநெல் ஊறப்போடப் போறன்.

உன்ர,
ராசன்