கம்பு சுற்றுவதற்கு முன் கால் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளைச் சிலம்பத்தில் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம். மதுரையில் மாலை நேரத்தில் சின்னதாக ஒரு சிலம்ப வகுப்பு நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, பெருமைதான். இப்போது பாதிப் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், வேறு ஊர் ஆசான்கள் காலடி வைக்கும் விதத்தை நானும் அதில்தான் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஆனால் பிள்ளைகள் கண்ணில் படுவது கம்பின் வேகம் மட்டும்தான், பல வீடியோக்களில் இடுப்புக்குக் கீழே காட்டுவதே இல்லை. முன்கால் மடங்கி, பின்கால் திரும்பி, உடம்பு ஒதுங்கி, அப்புறம் கம்பு வர வேண்டும். கால் நின்ற இடத்திலேயே நிற்க, கை மட்டும் சுற்றினால் எதிரே ஒருவர் கம்போடு வந்ததுமே மணிக்கட்டில் அடி விழும்.

பெற்றோர் முதல் மாதமே தீப்பந்தம், சுருள்வாள் என்று கேட்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு நெற்றி உயரத்தில் ஒரு பிரம்பு போதும், மூங்கிலைவிடக் கனம் குறைவு.

அப்புறம் ஒரு கோரிக்கை. இருட்டியதும் மைதானத்தில் கம்பு வருவதே தெரிவதில்லை. பூங்காக்களிலும் மைதானங்களிலும் விளக்கு போட்டுத் தர மாநகராட்சியிடம் நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிலம்ப ஆசிரியர், மதுரை