எந்த மனநோய் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் 'மனநோயாளி வெறியாட்டம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. உள்ளே படித்தால் அந்த ஆள் ஷாபு என்ற போதைப்பொருள் எடுத்திருந்தான் என்று போலீஸ் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது, மனநோய் என்று டாக்டர் யாரும் சொன்னதாக எங்கேயும் இல்லை. அதோடு விட்டீர்களா, ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஸ்கிசோஃப்ரீனியா என்றால் ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள் இருப்பது என்று வேறு எழுதியிருந்தீர்கள். அது வேறு நோய், அதுவும் அபூர்வமானது.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா. பதினோரு வருஷமாக நான்தான் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். தினமும் கடையிலிருந்து பேப்பர் வாங்கி வருவது அவன் வேலை. அன்றைக்கு முதல் பக்கத்தை உள்பக்கமாக மடித்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான்.

எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு, மனநல ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் கூப்பிடு தூரம் மாதிரிதான். தோட்டத்து லயத்தில் சண்டை வந்தால் 'இவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று ஏசுவோம், நானும் ஏசியிருக்கிறேன், மறைப்பானேன். அந்த ஆஸ்பத்திரி திறந்தது 1911-இல். சுவிட்சர்லாந்து டாக்டர் ஓய்கன் பிளாய்லர் ஸ்கிசோஃப்ரீனியா பற்றிப் பெரிய புத்தகம் போட்டதும் அதே வருஷம்தான், பெயரை 1908-லேயே வைத்துவிட்டார். கிரேக்கத்தில் பிளவு, மனம் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து வைத்த பெயர். அவர் சொன்ன பிளவு, நினைப்பு ஒரு பக்கம் உணர்ச்சி ஒரு பக்கம் என்று ஒன்றுக்கொன்று இணங்காமல் போவது. அதைத்தான் ஆளே இரண்டாகப் பிளந்த மாதிரி எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். தமிழில் 'மனச்சிதைவு' என்கிறோமே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, சிதைந்துபோனதை யார் சேர்த்து வைப்பது? ஜப்பானில் இப்படிப்பட்ட பெயர் நோயாளிகளையும் குடும்பத்தையும் குத்துகிறது என்று 2002-இல் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

தம்பியை முதன்முதல் கூட்டிப் போனபோது டாக்டர் எழுதிய கடிதத்தில் எஃப் 23 என்று இருந்தது, சில மாதம் கழித்து எஃப் 20 என்று மாறியது. இவருக்கே என்ன நோய் என்று தெரியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம். அப்புறம் ஒரு நர்ஸ் உட்கார வைத்து விளக்கினார். அவை உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு எண்கள். பத்தாவது பதிப்பில் மனம் சம்பந்தப்பட்டதெல்லாம் எஃப் வரிசை: மதுவால் வருவது எஃப் 10, ஸ்கிசோஃப்ரீனியா எஃப் 20, இருமுனைக் கோளாறு எஃப் 31, மனச்சோர்வு எஃப் 32. (2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில் எண்கள் மாறிவிட்டன.) திடீரென்று வந்து சீக்கிரம் போகக்கூடியதற்கு எஃப் 23. ரத்தம் எடுத்துச் சோதித்துச் சொல்லும் நோயில்லை இது, என்னென்ன அறிகுறி, எத்தனை நாளாக என்று பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் இன்னொரு கையேட்டில் ஆறு மாதம் அறிகுறி நீடித்தால்தான் ஸ்கிசோஃப்ரீனியா, உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒரு மாதம் போதும். டாக்டர்களே இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து பெயர் வைக்கும்போது நீங்கள் ஒரே நாளில் தலைப்பு வைத்துவிடுகிறீர்கள்.

சைக்கோசிஸ் என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். இல்லாத குரல் கேட்பது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று என்ன சொன்னாலும் மாறாமல் நம்புவது, இதெல்லாம் சைக்கோசிஸ். காய்ச்சல் என்பது போல அது ஒரு நிலை, காரணம் பலதாக இருக்கலாம், ஸ்கிசோஃப்ரீனியாவும் அதில் ஒன்று. தோட்டத்தில் சம்சு குடித்துக் குடித்துத் திடீரென்று நிறுத்திய ஆள், இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று நடுங்கிக்கொண்டு கத்துவான். எங்கள் லயத்தில் ஒருவரை அப்படியே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பேய் என்று. அது உயிருக்கே ஆபத்தான நிலை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்க வேண்டும். நீங்கள் தலைப்பில் போடும் 'சைக்கோ கொலைகாரன்' இதில் எதிலும் சேராதவன். இரக்கமே இல்லாமல் பிறருக்குக் கெடுதல் செய்கிற ஆளுமை வேறு, சைக்கோசிஸ் வேறு. முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருப்பதால் என் தம்பி அந்தக் கணக்கில் போய் விழுகிறான்.

இன்னொன்று, நம் நாட்டு மலாய்ச் சொல்லே உலக மருத்துவப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது தெரியுமா? அமோக், லாத்தா இரண்டும். அமோக் என்றால் திடீரென்று வெறிகொண்டு கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குவது. திடுக்கிட்டால் பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பாட்டிகளை வேண்டுமென்றே சீண்டி லாத்தா லாத்தா என்று சிரித்த ஊர்தானே இது. 1994-இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் பின்னிணைப்பில் இரண்டுமே இருந்தன, 2013 பதிப்பின் பட்டியலில் இரண்டும் இல்லை. புத்தகம் எழுதுகிறவர்களே திருத்திக்கொண்டு போகிறார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். டாக்டரோ கோர்ட்டோ சொல்லாதவரை ஒருவரை மனநோயாளி என்று தலைப்பில் போடாதீர்கள். சொல்லியிருந்தால் எந்த நோய் என்று பெயரைப் போடுங்கள், மனச்சோர்வில் கிடப்பவரையும் போதையில் கத்தி எடுத்தவரையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள். அந்த 'இரண்டு ஆள்' வரிக்கு வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். பழைய தாளை எடுத்து வைத்திருக்கிறேன், திருத்தம் வந்தால் தம்பியே முதலில் பார்ப்பான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்