பேஸ் குமிழைக் குறையுங்கள், பேஸ் கேட்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளிச் சாயல் கொண்ட ‘ஸ்பேஸ் ராக்’ இசை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், ஹாக்விண்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) கலைஞர் லெம்மிக்கு இரண்டே வரிகள்தான் கிடைத்திருக்கின்றன. போதைப்பொருளுடன் பிடிபட்டார், குழுவை விட்டு நீக்கப்பட்டார், அவ்வளவுதான். 1975 மே மாதம் கனடா எல்லையில் அது நடந்தது உண்மை. ஆனால் கொக்கெய்ன் என்று நினைத்துப் பிடித்த பொடி ஆம்ஃபெட்டமின் என்று தெரிந்ததும் அந்த வழக்கு நிற்கவில்லை. வெளியே வந்தவரைக் குழுதான் கைவிட்டது. அதே ஆண்டு அவர் தொடங்கிய மோட்டார்ஹெட் குழு, 2015 டிசம்பரில் அவர் இறக்கும்வரை நாற்பது ஆண்டு ஓடியது.

அவர் பேஸை எப்படி வாசித்தார் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கன்வென்ஷன், பங்குத் திருவிழா, கோயில் கொடை என்று வருடம் முழுக்க மேடை போடும் குமரி மாவட்டத்துக்குத் தேவையான விஷயம் அதுதான்.

இயன் ஃபிரேசர் கில்மிஸ்டர் என்ற லெம்மி அடிப்படையில் ரிதம் கிட்டார் வாசித்தவர். 1967-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவுக்குச் சாமான் சுமந்தவர். 1971 ஆகஸ்டில் ஹாக்விண்டில் சேரும்வரை பேஸைத் தொட்டதில்லை. அதனால் விரலால் ஒற்றைச் சுரமாகத் தட்டாமல், பிக்கை (கம்பி மீட்டும் சிறு தகடு) வைத்து இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்தே அடித்தார். பேஸின் மிகத் தாழ்ந்த கம்பியான ஈ கம்பியில் 5-ஆம் கட்டை, ஏ கம்பியில் 7, டி கம்பியில் 7 என்று பிடித்துப் பாருங்கள்: 55, 82, 110 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். சாதாரண அமைப்பில் இதை அடித்தால் சேறு கலக்கின மாதிரி இருக்கும். காரணம், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) சற்றே உடைந்து ஒலிக்கும்போது 82-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசமாக 27 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் தானாகப் பிறக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுவதைத் தவிர அதற்கு வேலை கிடையாது.

லெம்மி இதற்குச் செய்த வைத்தியம் எளியது. ரிக்கன்பேக்கர் பேஸ், நூறு வாட் மார்ஷல் சூப்பர் பேஸ் வால்வு ஆம்ப். அதில் பேஸ் (தாழ்வொலி) குமிழ் பூஜ்யம், டிரெபிள் (உச்சவொலி) பூஜ்யம், மிடில் (நடுவொலி) முழுசாக, கூர்மையைக் கூட்டும் பிரசென்ஸ் 3, வால்யூம் முக்கால். பேஸ் வாசிப்பவர் பேஸ் குமிழை அணைத்து வைப்பதா என்று சிரிக்க வேண்டாம். அந்த வகை ஆம்பில் இந்தக் குமிழ்கள் இயக்கும் மின்சுற்று, குமிழ்கள் நடுவில் இருந்தாலே மிடிலை விழுங்கிவிடும். இரு ஓரங்களையும் இறக்கி மிடிலை ஏற்றினால்தான் ஒலி ஏறக்குறைய சமமாகும்.

நம் மேடைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். பேஸ் கேட்கவில்லை என்றதும் மிக்சரில் (எல்லா ஒலிகளையும் கலக்கும் கருவி) ‘லோ’ என்ற தாழ்வொலிக் குமிழை வலது கோடிவரை திருப்புகிறார்கள். ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். தெருவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை மாதிரிதான். சிறிய பெட்டிகளும் 60-க்குக் கீழே தடுமாறும். நாம் பேஸ் என்று கேட்பது பெரும்பாலும் 82, 123, 165 என்று மேலே அடுக்கும் துணைச்சுரங்களை. அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். லோவை ஏற்ற ஏற்ற ஆம்பின் சக்தி வீணாகிறது, தகரக் கூரை அதிர்கிறது, பாடுகிறவர் சொல் புரியாமல் போகிறது. பேஸ் மட்டும் அப்போதும் கேட்காது. லோவை ஏற்றாமல் இறக்காமல் நடுவில், 12 மணி நிலையில் விடுங்கள். மிடிலை நகர்த்த வசதியுள்ள மிக்சர் என்றால் 800 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபெல் ஏற்றினால் போதும். மிடில் 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையாக உள்ள சின்ன மிக்சரில் அதிகம் ஏற்றினால் கம்பி ‘சடக் சடக்’ என்று அடிக்கும். பாட்டு மைக்குகளில் தாழ்வொலியை வெட்டும் ‘லோ கட்’ பொத்தானை அமுக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பேட்டரி இல்லாத பாசிவ் பேஸை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் சொருகுவது இன்னொரு பிழை. அந்த உள்ளீட்டின் தடை சுமார் 10 கிலோ ஓம். பேஸுக்கு 1 மெகா ஓம் வேண்டும். சொருகியதும் ஒலி மழுங்கும், உடனே யாராவது குமிழைத் திருப்புவார். நடுவில், பேஸின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்றை வையுங்கள். ஜெனரேட்டரில் ‘ங்ஙீ’ என்று இரைந்தால் அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டுக்காரர் ஸ்டைல் (தானே ஓடும் பின்னணி இசை) போட்டு வாசித்தால் அதிலுள்ள பேஸ் பகுதியை அணைக்கச் சொல்லுங்கள். ஒரே பாட்டில் இரண்டு பேஸ் ஓடுவதைக் கேட்டும் ‘ஆள் சரியில்லை’ என்று வாசிப்பவரைத் திட்டுவது இங்கே சகஜம்.

லெம்மியைப் பார்த்து வால்வு ஆம்ப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். 16 ஓம் பெட்டி இரண்டை இணையாகப் போட்டால் ஆம்பின் சுவிட்ச் 8 ஓமில் இருக்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கம்பி துரு பிடித்தாலே ஒலியின் மேல்பகுதி செத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

கட்டுரையில் இன்னொரு திருத்தம். லெம்மி பாடி 1972-இல் பிரிட்டிஷ் பட்டியலில் 3-ஆம் இடம் பிடித்த ‘சில்வர் மெஷின்’ விண்கலத்தைப் பற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டின் வரிகளை எழுதிய ராபர்ட் கால்வர்ட் மனதில் இருந்தது சைக்கிள்.

இப்படிக்கு,
பேஸ் வாசிப்போர் சிலர்,
நாகர்கோவில்.