யாழினியின் ஜப்பான் விருப்பம் குறித்து மீனாவுக்கு

செண்டாய்,
நவம்பர் 16

அன்புள்ள மீனா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர் பிறர் துணையின்றிப் பூசையறை வரை நடக்கிறார் என்று படித்ததும் மனம் ஆறுதலடைந்தது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். மலைப்பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது. நகரத்துக்குள் ஜோசென்ஜி சாலையின் கெயாகி மரங்கள் இலைகளைக் கொட்டி முடிக்கும் தறுவாயில் நிற்கின்றன.

உன் அக்கா மகள் யாழினி ஜப்பானுக்கு வந்து ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்படுகிறாள் என்று நீ எழுதியிருந்த பக்கத்தை மூன்று முறை படித்தேன். அன்று சிங்கப்பூரில் யீஷூன் வீட்டில் நம் மடியில் ஏறி விளையாடிய பிள்ளை பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு புவியியல் படிக்கிறாள் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. "முதலில் பட்டம் வாங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அக்கா சொல்வதாக எழுதியிருந்தாய். அக்காவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டம் வாங்கிய பிறகு தொடங்கினால் ஓர் ஆண்டு வீணாகும் என்பதோடு, தயாராவதற்கு மிகவும் ஏற்ற காலமும் கைநழுவிப் போய்விடும்.

நான் வந்த ஜெட் திட்டத்தையே அவளும் நினைத்திருப்பாள் என்று எண்ணுகிறேன். 1987இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேருடன் ஜப்பானிய அரசு தொடங்கிய திட்டம் அது; இன்று சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளிலிருந்து பட்டதாரிகள் வருகிறார்கள். பெரும்பாலோருக்குத் துணை ஆங்கில ஆசிரியர் பணிதான். அதற்கு எந்தத் துறைப் பட்டமும் போதும், ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் விண்ணப்பம் இலையுதிர்காலத்தில், நேர்காணல் ஆண்டின் தொடக்கத்தில், பயணம் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ என்று வரிசை வைத்திருக்கிறார்கள். யாழினி 4 ஆண்டுப் படிப்பு முடித்த கையோடு புறப்பட வேண்டுமென்றால், இறுதியாண்டின் முதல் பருவத்திலேயே, அதாவது ஆய்வேட்டுக்காக நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் அதே மாதங்களில், விண்ணப்பம் எழுதியாக வேண்டும். பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். நூறு மாணவர் அமரும் விரிவுரையில் பின்வரிசையில் இருந்தவளைப் பற்றி எந்தப் பேராசிரியரும் நான்கு வரிக்கு மேல் எழுத மாட்டார் என்பதால், அவளை நன்கறிந்த இருவரையேனும் இப்போதிருந்தே அவள் தேடிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தில் ஏன் ஜப்பான், ஏன் கற்பித்தல் என்று தன் விருப்பத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். சிறுவயதிலிருந்தே அனிமே பார்க்கிறேன், ஜப்பானியப் பண்பாடு பிடிக்கும் என்பவை எல்லாரும் எழுதுபவை. "கடந்த இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன், அதில் இன்னது கற்றேன்" என்று எழுதுவதற்கு அந்தச் சனிக்கிழமைகள் உண்மையாகவே நடந்திருக்க வேண்டும் அல்லவா? சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா நடத்தும் துணைப்பாட வகுப்புகளிலோ, அருகிலுள்ள சமூக மன்றத்திலோ அவள் இந்த ஆண்டே சேரட்டும். இணையவழியில் 120 மணி நேர ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன, கேடில்லை, படிக்கலாம். ஆனால் அந்த 120 மணி நேரத்தைவிட, புரியாமல் விழிக்கும் ஒரு பிள்ளையின் முன் அவள் உட்காரும் 20 மணி நேரத்தையே நான் பெரிதாக மதிப்பேன்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2013 ஆகஸ்டு இறுதியில், அகிதா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் நடுநிலைப்பள்ளி இரண்டாம் வகுப்பில் என் முதல் பாடத்தை எடுத்தேன். சிங்கப்பூர்ப் படங்களைக் காட்டி, நம் வீடு, உணவு, தீமிதி, தைப்பூசம் என்று 25 நிமிடங்கள் ஆர்வத்தோடு பேசினேன். 32 பிள்ளைகளும் அசையாமல் இருந்தார்கள். ஒரு கேள்விகூட எழவில்லை. என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணிக் கலங்கிப்போய் ஆசிரியர் அறைக்கு வந்தேன். என்னோடு வகுப்பில் நின்ற ஜப்பானிய ஆங்கில ஆசிரியை ஒன்றும் பேசாமல் அவர்களுடைய பாடநூலை என் மேசை மேல் விரித்து வைத்தார். பக்கத்தில் ஒரு தாள். நான் பேசியவற்றில் அந்த வகுப்பு அதுவரை கற்றிராத சொற்களை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் மௌனத்தில் வெறுப்பு சிறிதும் இல்லை. என் பேச்சில் அவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு பாடநூலின் முதல் ஆண்டுப் பகுதியை முழுவதும் படித்தேன். அதைக் கல்லூரியில் இருக்கும்போதே கற்றிருந்தால் முதல் பருவத்தை அந்தப் பிள்ளைகளுக்கு நான் முழுமையாகக் கொடுத்திருப்பேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. 2020 முதல் தொடக்கப்பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முறையான பாடமாகிவிட்டது. மூன்றாம், நான்காம் வகுப்புகளிலும் 35 பாடவேளை இருக்கிறது. ஆகவே யாழினியின் முன் உட்காரப்போகிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

தமிழ் தெரிந்தவளுக்கு இங்கே ஒரு நல்ல பிடி இருக்கிறது, மீனா. அவள் அதை விட்டுவிடக் கூடாது. இங்குள்ள பிள்ளைகளின் நாவில் மெய்யொலியில் முடியும் ஆங்கிலச் சொல் எளிதில் நிற்காது; 'ன்' தவிர மற்ற மெய்களுக்குப் பின்னால் ஓர் உயிரொலி வந்து ஒட்டிக்கொள்ளும். பேஸ்பால் குழுவில் இருந்த மொட்டைத்தலைச் சிறுவன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லுக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அவனை எழுப்பிக் கைதட்டிச் சொல்லச் சொன்னேன். 'ஸு-தொ-ரா-இ-கு' என்று ஐந்து தட்டுத் தட்டினான். ஆங்கிலத்தில் அது ஒரே தட்டு என்று தட்டிக் காட்டினேன். அவன் நம்பவில்லை. பிறகு கரும்பலகையில் தமிழில் 'பஸ்ஸு' என்று எழுதி, என் பாட்டி இப்படித்தான் சொல்வார், நீங்கள் 'பாசு' என்கிறீர்கள், இரண்டிலும் கடைசியில் ஒரே உகரம் நிற்கிறது பாருங்கள் என்றேன். உங்கள் பாட்டி ஜப்பானியரா என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அதுதான் அந்த வகுப்பு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அன்று மணி அடிக்கும்வரை ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பையன் கடைசியில் ஒரே தட்டில் 'ஸ்ட்ரைக்' என்று சொல்லிவிட்டு, தானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஜப்பானிய மொழியையும் அவள் இப்போதே தொடங்கட்டும். பணிக்குக் கட்டாயம் இல்லை என்பது உண்மை, ஆனால் சிற்றூரில் குப்பை போடும் நாள் முதல் மருத்துவர் சொல்வது வரை அந்த மொழியில்தான் நடக்கும். நமக்கு அது அவ்வளவு தொலைவிலுள்ள மொழி அன்று. அவர்களுடைய கானா எழுத்து வரிசையை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சித்தம் என்னும் இந்திய எழுத்தைப் பயின்றதன் வழியாக வந்த முறை அது. அந்த 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' என்று ஒலித்தது என்பதையும் அறிந்தால் நம் நெடுங்கணக்கின் வரிசை கண்முன் வந்து நிற்கும். வினை கடைசியில் வருவதும், 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று பெயருக்கு முன்னால் பெயரெச்சம் நிற்பதும் அப்படியே நம் வழக்கம். ஆங்கில வழியாக ஜப்பானியம் படித்துத் திணறும் நண்பர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஐந்து நிலைகளில் எளிதான என்5இல் தொடங்கி, பட்டம் பெறுவதற்குள் என்4 அளவை எட்டினால் போதும். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள்தாம் கடினம். அதில் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை. விருப்பத்தை எழுதலாம், உறுதி கிடையாது. தோக்கியோவை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பேருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை வரும் ஊரில் இறங்கி மனம் உடைவதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய ஊர்களில் கார் தேவைப்படும். முதலாண்டு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோடு சமாளிக்கலாம். பிறகு ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டும். உரிமம் பெற்ற நாட்டில் அதன்பின் குறைந்தது மூன்று மாதங்கள் இருந்திருந்தால்தான் மாற்றித் தருவார்கள். எனவே கடைசி மாதத்தில் அவசர அவசரமாக ஓட்டப் பழகுவதில் பயனில்லை. இரண்டாவது, மருந்து. சளிக்கு நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இந்த நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பெட்டி கட்டும்போது அக்கா ஆசையாக எல்லாவற்றையும் எடுத்து வைப்பார், சொல்லி வை.

ஜெட் கிடைக்காவிட்டால் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் தனியார் நிறுவனங்கள் உண்டு. நான் சேர்ந்தபோது ஜெட்டில் முதலாண்டுச் சம்பளம் 33 லட்சத்து 60 ஆயிரம் யென்; பின்னர் அதை உயர்த்தியிருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி சேர்ந்த ஒரு நிறுவனத்தில் அதைவிட மிகக் குறைவு, கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்து, விடுமுறைச் சம்பளம், காப்பீடு, வீட்டு முன்பணம் ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்.

அக்காவின் கவலை பிள்ளை தனியாக இருப்பாளே என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு என்னால் முடிந்த பதில், அகிதாவிலிருந்து செண்டாய்க்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், எங்கே போட்டாலும் என் வீட்டில் அவளுக்கு ஓர் அறை இருக்கும் என்பதே. யாழினியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என்னை அழைக்கச் சொல். அந்தப் பாடநூலின் முதல் ஆண்டுப் பகுதியையும் கானா அட்டையையும் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். அழைப்பதற்கு முன் முதல் மூன்று பாடங்களை அவள் பார்த்து, அவற்றில் வரும் சொற்களை மட்டும் கொண்டு தன் வீட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப் பழகி வரட்டும். நான் மறுமுனையில் அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்து கேட்பேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். படியிறங்கும்போது கைப்பிடியை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்.

அன்புடன்,
கௌரி