கடைமடைக்கும் இணைய முகவரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு நூலகம் நடத்திவருகிறோம். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, நூலகத்துச் சர்வரிலேயே ஏற்றி, எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் இணைய இணைப்பு அறுந்து ஐந்து நாள் கிடந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து வேறொரு நிறுவனத்தின் கேபிளை இழுத்து, ஜெனரேட்டரில் சர்வரை ஓடவிட்டோம். பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன. வெளியிலிருந்து ஒருவராலும் நூலகத்தைத் திறக்க முடியவில்லை. இணையத்தில் எங்கள் சர்வரைத் தேடி வர உதவும் எண்தான் அதன் முகவரி. பழைய முகவரி பழைய நிறுவனத்துக்குச் சொந்தமானது. புதிய இணைப்பில் கிடைத்ததோ பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் பொது முகவரி. அதன் வழியே நாம் வெளியே போகலாம், பிறர் நம்மைத் தேடி உள்ளே வர இயலாது.

சொந்த முகவரி இருந்தால் எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் அதைப் பயன்படுத்தலாம். அதைப் பெறுவதில்தான் சிறியவர்களுக்குச் சிக்கல். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். தொடக்க காலத்தில் கேட்டவர்களுக்கு அவை வாரி வழங்கப்பட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றுக்கே சுமார் 1 கோடியே 67 லட்சம் கிடைத்தது, அதில் ஒரு பகுதியை அது 2017இல் விற்கவும் செய்தது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம் வட்டாரத்துக்கு முகவரிகளைப் பங்கிட்டு வழங்கும் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக், அதன் பின் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 என்றும், 2019 முதல் 512 என்றும் வரையறுத்தது. இந்தச் சிக்கனம் நியாயமானது, அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

நான் ஏற்க மறுப்பது தேவையை அளக்கும் முறையை. இணையத்தின் வழித்தடங்களில் 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அந்த 256ஐக் கேட்டாலோ கால் பங்கை உடனேயும் பாதியை ஓராண்டுக்குள்ளும் பயன்படுத்துவோம் என்று காட்டும்படி நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அதாவது முதல் நாளிலேயே 64. எங்களிடம் இருப்பதோ ஒரு சர்வரும் நான்கு கணினிகளும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வைத்து, ஒன்று அறுந்தால் மற்றொன்றில் நிற்க வேண்டும் என்பதே எங்கள் தேவை. கருவிகளை எண்ணிப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. ஏப்னிக்கின் கட்டணமும் முகவரிகள் இரட்டித்தால் இரட்டிப்பதில்லை. ஆகவே முகவரி ஒன்றுக்கு அதிகம் செலுத்துபவர் மிகச் சிறியவரே.

ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையில் பஞ்சம் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஐபிவி4 இணைப்பு மட்டுமே உள்ள வாசகர் இன்னும் ஏராளம். அவர்களை விட்டுவிட்டு நூலகம் நடத்த முடியாது.

தாமிரபரணியில் மேலணைகளைக் கடந்துதான் ஸ்ரீவைகுண்டத்துக்குத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் வயல் சிறியது என்பதற்காகக் கடைமடைக்காரருக்கு மடையே கிடையாது என்று இங்கே எவரும் சொன்னதில்லை.

ஏப்னிக்கின் கீழ் இந்தியாவில் முகவரிகளை வழங்கும் ஐரின் பதிவகம், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு மருத்துவமனைகள் போன்றவை இரண்டு இணைப்புகளுக்கான சான்றைக் காட்டினாலே தேவையை ஏற்று, அவற்றின் வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தில் ஒரு தொகுதி வழங்க வேண்டும். ஏப்னிக்கின் கொள்கை விவாதங்களில் உறுப்பினர் அல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம் என்பதால், நம் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் இக்கோரிக்கையை அங்கே முறையாக முன்வைக்க உதவுமாறு தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பாளர் ஒருவர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.